ஊமைப் பெட்டி

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறி கரகரக்கிறது சார். பேரிங் தேய்ந்திருக்கும். இது முடிந்ததும் பார்த்துத் தருகிறேன்.

எங்கள் பட்டறையில், பெயின்ட் அடித்த தகடுகளைக் காயவைக்கும் அடுப்பு ஒன்று உண்டு. உள்ளே மூடாத ஹீட்டர் சுருள்கள். அவற்றுக்குக் கரண்டைக் கொடுக்கவும் நிறுத்தவும் ஒரு ரிலே. அண்ணனுக்குப் பழைய ரிலேதான் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று சொல்லும். அடிக்கடி முனை கருகி வேலை நிற்கும். திட்டு எனக்கு விழும். சாலிட் ஸ்டேட் ரிலே போடலாம், அசைகிற பாகமே கிடையாது, தேயாது, சத்தமும் வராது என்று தொண்டை வற்றச் சொன்னேன்.

"சத்தம் வரலைன்னா அணைஞ்சிடுச்சுன்னு எனக்கு எப்படிடா தெரியும்? டக்குன்னு கேட்டாத்தான் நான் உள்ளே கையை விடுவேன். உன் ஊமைப் பெட்டியைத் தூக்கிட்டுப் போ."

அதனால் கன்ட்ரோல் பெட்டிக்குள் இரண்டையுமே வைத்தேன். கரண்டை ஊமைப் பெட்டி பார்த்துக்கொண்டது. பக்கத்தில் பழைய ரிலே. சுருளுக்குக் கரண்ட் போகும் அதன் முனைகளில் ஒரு வயர்கூடக் கிடையாது. குமிழைத் திருப்பினால் வெறுமனே 'டக்' சொல்லும். அண்ணனிடம் சொல்லவில்லை.

அதன்பின் அடுப்பு பழுதாகி நிற்கவே இல்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அண்ணன் கன்ட்ரோல் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். "தம்பி படிச்சவன். மாத்தணும் மாத்தணும்னு உயிரை எடுத்தான். பாருங்க, பழசு எப்படி ஓடுதுன்னு." அண்ணிகூடச் சிரிப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

நேற்றுக் காலை முதல் ஆளாக வந்து மெயினைப் போட்டுச் சோதித்தேன். குமிழை அணைத்ததும் 'டக்' என்றது. சுருளில் கரண்ட் அப்படியே இருந்தது. ஊமைப் பெட்டி பழுதானால் பெரும்பாலும் அணையாமல்தான் நிற்கும். எனக்குத் தெரிந்த விஷயம். மாற்றுப் பெட்டி மேசையிலேயே கிடந்தது. ஆனால் நான் மாற்றும்போது அண்ணன் வந்துவிட்டால் ஏன் என்பார். பிறகு எல்லோர் முன்னாலும், "நான் அப்பவே சொல்லலை?" என்பார். நினைக்கும்போதே எரிச்சலாக வந்தது.

மெயினை அணைத்து, கன்ட்ரோல் பெட்டியை அப்படியே மூடித் திருகினேன்.

அண்ணன் வந்து மெயினையும் அடுப்பையும் போட்ட கையோடு உள்ளே ஒரு தகடு சரிந்தது. குமிழை அணைத்தார். 'டக்' என்றது.

"கேட்டுச்சாடா?" என்று சிரித்தார்.

"கேட்டுச்சுண்ணே."

கையை விட்டார்.

மெயினை அணைக்காமல் உள்ளே கை விடாதீர்கள் என்று எழுதி ஒட்டியவனும் நான்தான் சார். தெரிந்தேதான் சும்மா இருந்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஊமைப் பெட்டியைக் குறை சொல்லி எழுதாதீர்கள். அந்த ஒரு காலையைத் தவிர அது ஒருநாளும் மக்கர் செய்ததில்லை.