நாலாம் கண்ணில் தெரிந்த சங்கிலி

டீயில் சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று. பரவாயில்லை சார், வாங்கித் தந்தவர் மனசு நல்ல மனசு. நீங்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மண்டைக்காட்டு அம்மன் சத்தியமாக, நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. இந்த வயசில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் பெயர் தாணுலிங்கம். மை நோட்டம் பார்ப்பது தொழில். வெற்றிலையில் மையைத் தடவி, விளக்குப் பக்கமாகப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் களவுபோன பொருளும் களவாண்டவர் முகமும் அந்தக் கறுப்புக்குள் தெரியும். எல்லாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். ஒருமுறை திங்கள்சந்தைப் பக்கமிருந்து ஒருவர் எருமையைக் காணவில்லை என்று வந்தார். மையில் பார்த்தால் அது திருவனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. சொன்னதும் சிரித்தார்கள். பிறகு கண்டக்டரிடம் போய் விசாரித்தார்கள். எருமை டிக்கெட் எடுத்திருந்ததால், தான் ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் சொன்னார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

காலம் மாறியது. நான் வெற்றிலையைக் கையில் எடுத்தாலே பிள்ளைகள் வீடியோ எடுக்கத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் மஸ்கட்டில் இருக்கும் என் மருமகன் லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு போன் கொண்டுவந்தான். கம்பெனிப் பெயர் வாயில் நுழையாது. முதுகில் நாலு கண். போனோடு வந்த கேமரா ஆப்பில் மூன்று கண்தான் திறந்தது. ஒன்று சாதாரணம், ஒன்று அகலமாகக் காட்டுவது, இன்னொன்று எறும்பைக் கிட்டத்தில் காட்டுவது. நாலாவது கண்ணை விரலால் பொத்தினாலும் படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. இருக்கிற கண்ணைக் கம்பெனிக்காரன் எதற்காகப் பூட்டி வைத்திருக்கிறான் என்று எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

வடசேரியில் செல்போன் கடை வைத்திருக்கும் ஷாஜனிடம் கொண்டுபோனேன். கம்பெனிக்காரர்கள் சில கேமராவைத் திறக்காமல் வைத்துவிடுவார்கள், வெளியாட்கள் செய்த கேமரா ஆப் ஒன்றைப் போட்டால் உள்ளே இருப்பதையெல்லாம் எண் போட்டு வரிசையாகத் திறக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றான். அப்படி ஒன்றை இறக்கியும் தந்தான்.

“சில போனு தொறந்து குடுக்கும் பாட்டா, சிலது குடுக்காது. வீட்டுல போயி ஒவ்வொரு நம்பரா அமுக்கிப் பாரும். கறுப்பா வந்துதுன்னா அது நமக்கில்லன்னு விட்டுரணும், கேட்டீரா.”

வீட்டில் வந்து கடைசி எண்ணை அமுக்கினேன். திரை கறுத்தது. ஷாஜன் விட்டுவிடச் சொல்லியிருந்தான். ஆனால் கறுப்பை உற்றுப் பார்ப்பதுதானே சார் என் தொழில். கொஞ்ச நேரத்தில் கறுப்பு சாம்பல் நிறமானது. சாம்பலுக்குள் டிவி ரிமோட் தெரிந்தது. ரிமோட்டின் கறுப்பு மூடி தெரியவில்லை, மூடிக்கு உள்ளே கிடந்த பேட்டரிகள் தெரிந்தன. ஒன்று தலைகீழாகப் போட்டிருந்தது.

வெளிச்சம் பட்டால் படம் ஓடிவிடும். அதனால் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு அதற்குள் வைத்துத்தான் பார்ப்பேன். வேறு யாரும் பார்க்க முடியாது. ஊரில் மதிப்பு திரும்பி வந்தது. வெற்றிலையை நம்பாத பிள்ளைகள்கூட போனை நம்பினார்கள். பக்கத்து வீட்டு ஷிபாவின் மூக்குத்தியை அவள் வளர்த்த கோழி விழுங்கியிருப்பதை நாலாம் கண்ணில் கண்டுபிடித்துச் சொன்னேன். கோழியை அறுத்தார்கள். மூக்குத்தி இல்லை. ஆனால் அது இருந்த பள்ளம் இருந்தது. அன்று குழம்பு எனக்கும் கொடுத்தார்கள், நன்றாகவே இருந்தது.

இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

வைகாசியில் எங்கள் ஊர் நந்தனாவுக்குக் கல்யாணம். நல்ல பிள்ளை. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவளுக்குப் போட வைத்திருந்த சங்கிலியைக் காணவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள். கல்யாண வீட்டில் போலீஸ் வந்தால் கேவலம் என்று அவளுடைய அண்ணன் சுதன் என்னைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுக்குப் பின்னால், சமையல் பந்தலில், வேலைக்கு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்து நாலாம் கண்ணில் ஒவ்வொருவராகப் பார்த்தேன். செல்லத்தாய் தேங்காய் திருவ வந்தவள். புருஷன் இல்லை. கல்யாண வீட்டு வேலைதான் அவளுக்குச் சோறு. வாய் கொஞ்சம் நீளம்.

“பாட்டா, எனக்க குடலு தெரியுதா? காலைல குடிச்ச பழஞ்சி கெடக்கும் பாரும். பாதி பச்சமொளவும் கெடக்கும்.”

பந்தலே சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை சார், அதை எழுதிக்கொள்ளுங்கள். அவள் சிரித்தபோது வயிறு குலுங்கியது, குலுங்கிய வயிற்றுக்குள் சங்கிலி மின்னியது. பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நந்தனாவின் அம்மா எழுந்து வந்து, செல்லத்தாய் திருவிக்கொண்டிருந்த தேங்காய் மூடியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான் செய்தாள். செல்லத்தாய் வெறுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கள்ளி என்று பெயர் விழுந்தால் இனி எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கையில் ஒரு தேங்காயைக் கொடுக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சங்கிலியை வெளியே கொண்டுவர என்னிடம் மருந்து இருக்கிறது என்று சொன்னேன். நேர்வாளக் கொட்டை சேர்ந்த பேதி மருந்து. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவளே கேட்டாள்.

“தாரும், குடிக்கேன். ஒண்ணும் வரல்லன்னா இந்தக் கூட்டத்துக்க முன்னால நீரு எங்கிட்ட தப்பு ஒத்துக்கிடணும். பொறவு இந்த ஊருல ஒரு வீட்டுப் படியும் நீரு ஏறப்பிடாது.”

நியாயமான பேச்சு. சம்மதித்தேன். சுதன், நந்தனாவின் துணிமணிகளை இன்னொரு தடவை தேடிப் பார்க்கிறேன் என்று பைக்கை எடுத்துக்கொண்டு, கல்யாண ரவிக்கை தைத்த தையல்காரி வீட்டுக்குப் போனான்.

மருந்து நன்றாக வேலை செய்தது. கொல்லைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். கூடவே இரண்டு பெண்கள் காவலுக்குப் போனார்கள். ஒன்றும் வரவில்லை. வெயில் ஏறியபோது பலா மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் உள்ளே போய்விட்டது, உதடு வெளுத்துவிட்டது. ஆனாலும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு.

“பாட்டா, துண்ட உதறித் தோளுல போடும். படி எறங்குக நேரம் ஆயாச்சு.”

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அந்த உடம்போடு அப்படிப் பேச எல்லாராலும் முடியாது.

அப்போது போன் அடித்தது. சுதன். சங்கிலி கிடைத்துவிட்டது என்றான். ரவிக்கை அளவு பார்க்கும்போது நந்தனா கழற்றி வைத்தது, துணியோடு மடிந்து தையல்காரி வீட்டிலேயே இருந்திருக்கிறது. உடனே இன்னொன்றும் சொன்னான்.

“பாட்டா, அந்த அக்காளுக்கு கஞ்சித் தண்ணியில உப்புப் போட்டுக் குடுக்கச் சொல்லும். நான் வந்து அவங்க காலுல விழுகேன்.”

சரி மக்கா, சொல்லுகேன் என்று வைத்துவிட்டேன். வைத்துவிட்டு யோசித்தேன். சங்கிலி தையல்காரி வீட்டில் இருக்கிறது, சுதன் பார்த்திருக்கிறான். சங்கிலி செல்லத்தாய் வயிற்றிலும் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்றால் சங்கிலி இரண்டு. அப்படியானால் இது வேறு வீட்டுச் சங்கிலி. அந்த வீட்டுக்காரர்கள் இன்னும் தேடவே தொடங்காத சங்கிலி. நிதானமாக யோசித்தால் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது சார். மனிதர்கள்தான் அவசரப்படுகிறார்கள்.

“ஆரு பாட்டா போனுல?” என்று செல்லத்தாய் கேட்டாள்.

“ஆருமில்ல மக்கா. போன் கம்பெனிக்காரன்.”

இரண்டாவது டம்ளரைக் கலக்கினேன். அவள் கையை நீட்டவில்லை. இனி உடம்பு தாங்காது என்றாள். பக்கத்தில் நின்ற பெண்களும் போதும் என்று முனகினார்கள். நான் அவள் முன்னால் குத்தவைத்து, மெதுவாகத்தான் சொன்னேன்.

“இன்னும் ஒரு வாயி. இதுலயும் வரல்லன்னா எல்லாரும் பாக்க நான் உனக்க காலுல விழுந்துட்டுப் போறேன்.”

அதைக் கேட்டுத்தான் வாங்கினாள். மிச்சம் வைக்காமல் குடித்தாள். குடித்ததைக் காட்ட டம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்ததால் சுதன் வந்துசேர நேரம் ஆகிவிட்டது. அவன் சங்கிலியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடிவந்தான். அதைப் பார்க்க அவள் கண்ணைத் திறந்தாளா இல்லையா என்று அங்கே நின்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். நான் பொய் சொல்ல விரும்பவில்லை. நான் அப்போது துண்டுக்குள் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

நான் கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இரண்டாவது டம்ளரை நான்தான் கொடுத்தேன். சங்கிலி கிடைத்தது தெரிந்த பிறகுதான் கொடுத்தேன். தெரிந்ததை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் காரணத்தையும் கூடவே எழுத வேண்டும். கூட்டத்தின் முன்னால் அவளிடம் தப்பை ஒத்துக்கொள்ள எனக்குப் பயம் இல்லை. படி இறங்கவும் பயம் இல்லை. கண்ணால் கண்டதைக் காணவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அவ்வளவுதான். அன்று அப்படிச் சொல்லியிருந்தால் எருமையும் பொய், கோழியும் பொய் என்று ஆகிவிடும். ஊர் நாளைக்கு எதை நம்பி ஒரு பொருளைத் தேடும்?

பிரேதப் பரிசோதனையில் வயிற்றில் சங்கிலி ஏதும் இல்லை என்று வந்திருப்பதாகச் சொன்னீர்கள். இருக்காது. அது இருந்த பள்ளம் இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஷாஜன் உங்களிடம் எழுதிக்கொடுத்ததை வாசித்துக் காட்டினீர்கள், அதில் தப்பு ஒன்றுமில்லை. மண்டைக்காட்டு மாசிக் கொடைத் திருவிழா சமயத்தில், நந்தனாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கும் முன்னால், உடைந்த திரையை மாற்ற நான் கடைக்குப் போயிருந்தபோது அவன் போனின் முதுகைக் கழற்றி என் கையில் தந்தான். நாலாவது கண்ணாடிக்குப் பின்னால் கேமரா கிடையாது, ஒரு துண்டு கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது.