பக்கத்து சீட்டில் வந்த பார்சல்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் பஸ். விழுப்புரத்தில் வாங்கிய பழத்தட்டை மடியில் வச்சுக்கிட்டு ஒரு அம்மா போன் போட்டாங்க. மணி அடிச்சது, பக்கத்து சீட்டு டெலிவரிக்காரர் சட்டைப்பையில்.

"தம்பி, எங்க வர்ற? அண்ணன் பொண்ணுக்கு இன்னிக்கி திண்டிவனத்துல காதுகுத்து. அத்தை நான் எடுத்த பாவாடை இன்னும் வரலியே!"

"வண்டி பஞ்சர்க்கா, பஸ்ல வந்துகினு இருக்கேன்" என்றபடி திரும்பினார். காதில் வைத்த போனை ரெண்டு பேரும் எடுக்கவே இல்லை.

"அட, நீதானா? குடு இங்க."

"விக்கிரவாண்டில உங்க வூட்டாண்ட போனாத்தான் ஆப் ஒத்துக்கும்க்கா. கதவோட போட்டோ வேற எடுக்கணும்."

"வூடு பூட்டியிருக்கு. ஆளு நான் இங்க இருக்கேனே!"

"அது ஆளக் கேக்கலக்கா, கதவத்தான் கேக்குது. இங்க குடுத்தா என் வேல போயிடும்."

பின்சீட்டுப் பெரியவர் சொன்னார்: "தெரிஞ்சிருந்தா இந்தம்மா கதவக் கழட்டிக்கினே வந்திருக்கும்."

விக்கிரவாண்டியில் அந்த அம்மா எழுந்தாங்க.

"திண்டிவனம் டிக்கெட்டு எடுத்துட்டு எங்கம்மா எறங்கற?" என்றார் கண்டக்டர்.

"என் பார்சலுக்கு வழிகாட்ட!"

ரெண்டு பேரும் இறங்கியதும் டெலிவரிக்காரர் குரல் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"நீங்க ஜல்தியா முன்னாடி போய் உள்ள நின்னுக்குங்கக்கா. நான் வந்து கூப்புடறேன்."