நீ கூப்பிட்ட அக்கா நான் இல்ல

"ஹலோ... ஆமா, அக்காதான். ஆனா நீ கூப்பிட்ட அக்கா நான் இல்ல."

எலி அறைக்கு வெளியே, உடை மாற்றும் இடத்துப் பெஞ்சின்மேல் அந்தப் போன் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. கீழே விழாமல் பிடிக்கத்தான் அக்காக்காரி கையை நீட்டினாள். அது அவளோடு வேலை பார்க்கும் சுருட்டையின் போன். உள்ளே கொண்டுபோகக் கூடாது என்பதால் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஆனால் திரையில் சிரித்தது அக்காக்காரியின் சொந்தத் தங்கை. அடுத்தவள் போனை எடுப்பது தப்பு என்று தெரிந்தேதான் எடுத்தாள்.

"கூடப் பொறந்தவதான் பேசறேன்... என்ன, சத்தத்தையே காணோம்?... இருக்கா, இருக்கா. உள்ள எலி மேல உண்ணி விட்டுக்கிட்டு இருக்கா. இப்ப வர மாட்டா... எங்கிட்ட சொல்ல முடியாத விஷயமா?... ஒண்ணுமில்லன்னா எதுக்குக் காலங்காத்தால அவளுக்குப் போன்?"

நாலு வருஷத்துக்கு முன்னால் தங்கையை ஓர் உண்ணி கடித்தது. எள்ளைவிடச் சின்ன உண்ணி. அதிலிருந்து லைம் நோய் வந்தது. மருந்தையெல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். கிருமி போய்விட்டது என்றார்கள். வலி போகவில்லை. நீச்சல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள் மாடிப்படி ஏற முடியாமல் வேலையை விட்டாள். அக்காக்காரி அதுவரை செய்துவந்த ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிட்டு இந்த எலிகளிடம் வந்து சேர்ந்தாள். எலிக்கு அந்த நோயை வரவழைத்து, மருந்து கொடுத்து, மாதக்கணக்கில் விட்டு, பிறகு உடம்பில் எங்காவது கிருமி தங்கியிருக்கிறதா என்று தேடுகிற வேலை. சுத்தமான உண்ணிகளை விட்டு எலியின் ரத்தத்தைக் குடிக்கவைத்து, உண்ணிக்குள் கிருமி ஏறியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுருட்டை வந்தது போன வருஷம்தான். பாதிக் கூண்டுகள் இப்போது அவள் பொறுப்பு.

"அவளுக்கு உன் நம்பர் எப்படித் தெரியும்?... நீயே குடுத்தியா?... என்னைப் பாக்க வந்த அன்னிக்கா? நான் காபி வாங்கப் போன அந்த நேரத்துலயா? அடேங்கப்பா!... அப்புறம் தினமும் பேச்சா?... சரி, சரி, ஒரு நாள் விட்டு ஒரு நாள். ரொம்ப சந்தோஷம். எனக்குன்னா 'நல்லா இருக்கேன், வெச்சிடறேன்'. அவளுக்கு மட்டும் மணிக்கணக்கா?"

காது மடல் எரிந்தது. கதவுக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். சுருட்டையின் முடி தலையுறைக்கு அடங்காமல் பிதுங்கிக்கொண்டிருந்தது. மயங்கிக் கிடந்த எலியின் காதோரம் மெல்லிய தூரிகையால் உண்ணிகளை விட்டுக்கொண்டிருந்தாள். முகமூடி அசைந்தது. பாட்டு வேறு பாடுகிறாள்!

"அப்படி என்ன அதிசயமா பேசறா? சொல்லேன், நானும் கத்துக்கறேன்... ம்... 'தூங்கினியா'ன்னு கேட்டா. அப்புறம்?... அவ்வளவுதானா?... நான் கேட்டதே இல்லையா?... ரத்தப் பரிசோதனை என்னாச்சுன்னு கேட்டேனே, அது அக்கறை இல்லையா?... எலியா? எப்பப் பாத்தாலும் எலியைப் பத்தியா பேசறேன்?... அதெல்லாம் உனக்காகத்தான்டி! உன் காலுக்காகத்தான் இந்த நாத்தத்துல நாள் பூரா கெடக்கறேன்!"

கூண்டு கழுவுகிறவர் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல, கத்தல... சரி, கத்தினேன். சொல்லு... இன்னிக்கா? எந்த டாக்டர்?... புதுசா? யார் ஏற்பாடு?... ஓ, அவதானா. கார்லயும் அவளே கூட்டிட்டுப் போறாளா... எங்கிட்டயும் கார் இருக்கு. எனக்கும் ஓட்டத் தெரியும்... ஏன் எங்கிட்ட சொல்லல?... ஏன்னு கேக்கறேன்."

 பதில் நீளமாக வந்தது. 

போன மாதம் சுருட்டையின் எலிகளில் ஒரு விஷயம் தெரிந்தது. மருந்து முடிந்து வெகுநாள் ஆன பிறகும் மூட்டில் கிருமியின் மிச்சம் இருந்தது. வளர்த்துப் பார்த்தால் வளரவில்லை. உயிரோடு இருப்பதா, செத்த குப்பையா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இருந்தது. அக்காக்காரியின் எலிகளில் ஒன்றுமே கிடைக்கவில்லை. 'இன்னொரு தரம் செஞ்சு பாப்போம், அதுவரைக்கும் வெளியே பேச வேண்டாம்' என்றவள் அக்காக்காரிதான். நியாயமான பேச்சுதான். அதற்கு அடியில் கிடந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

"சொல்லிட்டாளா உங்கிட்ட?... அழுதியா? எதுக்கு?... 'வலி உன் கற்பனை இல்ல'ன்னு சொன்னாளா... ம்... இத்தனை வருஷத்துல ஒருத்தராவது... ம்... எனக்கும் தெரியும். ஒரு மாசமாத் தெரியும்... ஏன் சொல்லலன்னா, அது இன்னும் உறுதியாகல. எலிக்கு வந்தா மனுஷனுக்கும் அப்படியேன்னு... ஆமா. மறுபடியும் எலி. இல்ல, வெச்சிடாத, கேளு. உண்மையைச் சொல்லட்டுமா? என் எலியில வந்திருந்தா அன்னிக்கே உங்கிட்ட ஓடி வந்திருப்பேன்... ஆமா. அவ எலியில வந்துச்சு. அதான்."

 இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இருக்கியா?... சிரிக்கறியா, அழறியா?... பொறாமைதான். நேத்து வந்தவ மேல பொறாமை. போதுமா?... எந்தப் பொண்ணு? சின்ன வயசுல உன்னோட விளையாட வருவாளே, அந்தப் பக்கத்து வீட்டுப் பொண்ணா? அவளை எங்கே அடிச்சேன்! கிள்ளினேன், அவ்வளவுதான்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். குரல் தானாகத் தணிந்தது.

"இப்ப எங்கே வலிக்குது?... ரெண்டு முழங்காலுமா?... கழுத்துமா? அது எப்பத்துலேருந்து?... எங்கிட்ட சொல்லவே இல்லையே... ஆமா, நான் கேக்கல. இப்பக் கேக்கறேன், சொல்லு."

தங்கை சொன்னாள். அவள் கேட்டாள். நடுவில் இரண்டு தரம் ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட நானும் வரட்டுமா?... எலிங்கற பேச்சே வராது... டாக்டர் தப்பாச் சொன்னாக்கூட வாயைத் திறக்க மாட்டேன்... சரி, கண்ணையும் உருட்டல."

கதவு திறந்தது. சுருட்டை முகமூடியை இறக்கிக்கொண்டே வந்தவள், தன் போன் யார் கையில் இருக்கிறது என்று பார்த்து அப்படியே நின்றாள். கையை நீட்டினாள். அக்காக்காரி கொடுக்கவில்லை.

"இதோ வந்துட்டா... இல்லம்மா, சண்டை போடல. கேளு. அவளே ஓட்டட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பின்னால உன் பக்கத்துல நான்தான் உக்காருவேன்... காலை நீட்டணும்னா என் மடியில நீட்டு... கனக்கட்டும், பரவாயில்ல... என்னது? அவகிட்டக் குடுக்கணுமா? எதுக்கு?... மணிதானே, நானே கேட்டுச் சொல்றேன்."

சுருட்டை மூன்று விரலைக் காட்டினாள். இன்னொரு கை நீட்டியபடியே இருந்தது.

"மூணு மணிக்கு, உன் வீட்டு வாசல்ல. ரெண்டு பேரும் வர்றோம். வெக்கறேன்."

அழைப்பைத் துண்டித்த பிறகுதான் போனை அதன் சொந்தக்காரியிடம் கொடுத்தாள்.