மொதல்ல ஊணின கால்

“முன்னங்கால் ஒடிஞ்ச குதிரைய யாராவது வாங்குவாங்களா?”

திட்டக்குடி பஸ்ஸில் என் முன்சீட்டு அம்மா கணவரிடம் கேட்டார். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர்கள். இருந்த ஒரே குதிரை செத்துப்போக, விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிக்குப் பின்னால் வேறொன்றைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

“எலும்பு நல்லா கூடிடுச்சுன்னு டாக்டரே சொன்னாரே.”

“மாப்பிள்ளையோட வுழுந்தா டாக்டரா வருவாரு?”

கணவர் அந்தம்மா பக்கம் திரும்பினார்.

“நீ டீ குடிக்கப் போனப்ப அது படுத்திருந்துச்சு. நான் கூப்புடவே இல்ல. என்னப் பாத்துட்டு, ஒடிஞ்ச அந்தக் காலத்தான் மொதல்ல ஊணுச்சு. மொத்த ஒடம்பையும் அதுமேல தூக்கி எழுந்திரிச்சுது. எனக்குச் சிலுத்துப்போச்சு. கையெடுத்துக் கும்புட்டுட்டேன்.”

அந்தம்மா அவரையே பார்த்தார். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“கண்டக்டரு, நிறுத்துங்க. நாங்க விருத்தாசலத்துக்கே திரும்பணும்.”