முப்பது வாத்துகளும் ஒரு பழுப்புத் தாளும்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! இந்த ஓவியக் கூடத்தைக் கட்டிக் காக்கும் ஆசிரியை அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் தோளில் பையுமாக வந்திருக்கும் தாய்மாரே, தந்தையரே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. வகுப்பில் பெயர் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்று சொல்லவே தயங்கியவள் நான். "நம்ம வீட்லயே காலேஜ் போனவ நீ ஒருத்திதான், நீயே பேசு" என்று அக்கா தள்ளிவிட்டாள். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா தையல்காரி. அவள் மகளுக்கு இரண்டரை வயது. கைக்குள் அடங்கும் அளவில் பிறந்ததால் கடுகு என்று கூப்பிடுகிறோம். அக்கா மிஷினை மிதிக்கும்போதெல்லாம், அளவு வெட்டும் பழுப்புத் தாளில், "டட்டட்டட்" என்று சொல்லிக்கொண்டே கடுகு கிரேயானால் புள்ளி புள்ளியாகக் குத்துவாள். தாளே தையல் போட்டதுபோல் இருக்கும். "இவளை ஒரு டிராயிங் கிளாஸ்ல சேத்துவிடுடி" என்றாள் அக்கா.

தேடினேன். எப்படித் தேடினேன்? கல்லூரி தேடுவதுபோலத் தேடினேன்! முதலில் பார்த்த இடத்தில் தரையெல்லாம் சாயம். ஆசிரியையின் மூக்கிலும் சாயம்.

"இங்க என்ன மேடம் சொல்லித் தருவீங்க?"

"ரெண்டு வயசுக்கு என்னத்தம்மா சொல்லித் தர்றது? பேப்பர் தருவேன். துணிய நீங்க தொவச்சுக்கணும்."

பாடத்திட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான். பிறகு இங்கே வந்தேன். சுவரெங்கும் கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டிய படங்கள்! அன்றே சேர்த்துவிட்டேன்.

என் பின்னால் சுவரில் பாருங்கள், நம் பிள்ளைகள் வரைந்த முப்பது வாத்துகள். முப்பதும் மஞ்சள். முப்பதும் இடப்பக்கமே பார்க்கின்றன. ஒன்றாவது நம்மைத் திரும்பிப் பார்க்கக் கூடாதா? பின்வரிசையில் ஓர் அப்பா, "எம்புள்ளயோடது எதுங்க?" என்கிறார். ஐயா, பெயரைப் படித்துத்தான் நானும் கண்டுபிடித்தேன்!

ஆசிரியையைக் குறைசொல்ல வரவில்லை. படம் அழகாக வேண்டும் என்று கேட்டது யார்? நாம். முதல் ஆளாகக் கேட்டது யார்? நான். அதனால்தான் ஒவ்வொரு பிஞ்சுக் கையையும் தம் கைக்குள் பிடித்து அவர்கள் வரைய வைத்தார்கள்.

போன வாரம் கடுகின் முன் பழுப்புத் தாளை விரித்தேன். கிரேயானை எடுத்தாள். வரையவில்லை. கையை என்னிடம் நீட்டினாள்.

"சித்தி, கை புடி."

"நீயே போடு கண்ணு."

"ம்ஹூம். கை புடி."

மிஷின் நின்றது. "முன்னாடி தானா போடுவாளேடி" என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். எதைக் கற்க அனுப்பினேன்? எதை மறக்க அனுப்பினேன்? கோடு தாண்டாத கை வேண்டும் என்றேன். கோடே போடாத கை வீட்டுக்கு வந்தது!

பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. நன்றியை இப்போதே சொல்லிவிடுகிறேன்; அடுத்து உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன், கேட்டபின் இங்கே நிற்க எனக்குத் துணிவிருக்காது. வகுப்பில் சேரும் முன் கடுகு புள்ளி குத்திய தாள் ஒன்று என் பையில் இருக்கிறது. இரண்டாம் வரிசையில், அவள் பெயர் எழுதிய வாத்தை இறக்கிவிட்டு இதை ஒட்ட அனுமதி தாருங்கள். டீச்சர், அடுத்த வகுப்பில் அவளாகவே கையை நீட்டுவாள். தயவுசெய்து பிடிக்காதீர்கள். எவ்வளவு நேரமானாலும், பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருங்கள்.

வணக்கம்.