புள்ளிக்காரி வைத்த சிவப்பு

மேடையில் இருக்கும் மேலாளர் அவர்களே, இறந்துபோன எங்கள் பெண்ணோடு வேலை செய்த பிள்ளைகளே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் அண்ணனே, அண்ணியே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் அவளுடைய சித்தப்பா. போன வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். இந்தத் தாளில் இருப்பது முழுக்க என் கையெழுத்து. அதில் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். அதைப் பார்க்க அவள் இல்லை. அதனால் கோபத்தோடு நிற்கிறேன்.

உங்கள் பயனர் ஆய்வாளர், எங்கள் வீட்டுப் பெண், என்ன வேலை செய்தாள்? ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கும் உங்கள் செயலியை என்னைப் போன்றவர்களிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். விரல் எங்கே தயங்குகிறதோ, செயலிப் பக்கத்தை அச்சடித்த படத்தில் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். நிறையப் பேர் தயங்கினால் அந்த இடமே சிவந்துவிடும். செயலியை எழுதுகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று அதைச் சுவரில் ஒட்டுவாள்.

ஒருநாள் செயலியின் கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

“எனக்குத்தாம்மா புரியல” என்றேன்.

“உங்க மேல தப்பில்ல சித்தப்பா. நாங்கதான் சாம்பல் கலர் பக்கத்துல சாம்பல் கலர் பட்டனை ஒளிச்சு வெச்சிருக்கோம்” என்றாள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? “புள்ளிக்காரி வந்துட்டா, சுவருக்கு அம்மை போட்டுடுச்சு” என்று சிரித்தீர்கள். சிரித்தது போகட்டும், அவளே வீட்டில் சொல்லிச் சிரித்தாள். பட்டனைத் திருத்தினீர்களா?

இன்று அதே படத்தை மேடைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறீர்கள். சிவப்பைக் காணோம். எல்லாம் இளம்பச்சை. வாசலிலேயே கேட்டேன்.

“இரங்கல் கூட்டத்துல சிவப்பு கண்ணை உறுத்தும்னு மாத்திட்டோம் ஐயா” என்றார் மேலாளர்.

உறுத்தத்தானே அவள் வைத்தாள்! அவள் படத்தில் பச்சை என்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். உயிரோடு இருந்தவரை அவளைப் பொய் சொல்ல வைக்க உங்களால் முடியவில்லை. போனதும் சொல்ல வைத்துவிட்டீர்களே, இது அஞ்சலியா?

வரும் திங்கட்கிழமை செயலி வெளியாகிறதாம். பட்டன் அப்படியே இருக்கிறது. காய்ச்சலோடு ஒருவர் அந்தப் பக்கத்தில் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, தான்தான் முட்டாள் என்று கைபேசியைக் கீழே வைப்பார். அவரிடம் ‘உங்கள் மேல் தப்பில்லை’ என்று சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

மௌனமாக நிற்கச் சொல்வீர்கள். நிற்கிறேன். ஆனால் அது முடிந்ததும் வீட்டுக்குப் போக மாட்டேன். உங்கள் அலுவலக மாடியில், செயலியைப் பார்க்க அவள் எனக்குப் போட்ட நாற்காலியில் போய் உட்காருவேன். பட்டன் கண்ணுக்குத் தெரியும்வரை தினமும் வருவேன். என் விரல் தயங்கும். புள்ளி வைக்க உங்களில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

வரும்போது சிவப்பு எடுத்துவாருங்கள்.