அஞ்சு மணிச் சுவர்ச்செய்தி

இல்லண்ணே, போனைக் காதுல வெச்சுக்கிட்டு ஒத்தக் கையால தடவ வேணாம். ஸ்பீக்கர்ல போட்டு சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்குங்க. நமக்கு ரெண்டு கையும் வேணும். வெச்சாச்சா? எனக்கு நல்லா கேக்குது. உங்க நெஞ்சு அடிக்கிறதுகூடக் கேக்குது. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

இப்ப முறையாப் போவோம். ஒன்னு முடிஞ்சாத்தான் இன்னொன்னு. நீங்க ஒன்னப் புடுங்க, நான் ஒன்னச் சொல்லன்னு ஆயிடக் கூடாது. பள்ளிக்கூடத்துல இலக்கணம் நடத்துறவண்ணே நான், வரிசை மாறுச்சுன்னா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும். பேரா? சிவசங்கரி. ஆமா, ஊருல வெக்கிற போஸ்டரு, பேனரு சேதியெல்லாம் அஞ்சு மணிக்கு ரேடியோல சுவர்ச்செய்தின்னு சொல்றவதான். கொரலு வேற மாதிரி இருக்குதா? ரேடியோல விறைப்பாப் பேசுவேன், வூட்டுல இப்படித்தான் தொணதொணன்னு இருப்பேன். கண்ணு தெரியாதவங்களுக்குன்னு இன்டர்நெட்டுல ஓடுற நம்ம ரேடியோவுல உதவிக்குன்னு ஒரு நம்பர் சொல்றாங்கல்ல, விருத்தாசலம் பக்கத்துக்கு அது என் நம்பருதான்.

நீங்க சொன்னத ஒருதடவ திருப்பிச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க. பேரு பழமலைநாதன். வூடு செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னாடி. பீங்கான்ல பீஸ் கட்டை செய்யுற கம்பெனியில, சூளையில வேலை பாத்தவரு. கண்ணுல பிரஷரு ஏறிப் பார்வை போயி ரெண்டு வருஷம் ஆவுது. ஓசூர்ல இருக்குற மவன் திலீபன் வந்து இன்டர்நெட் லைன் போட்டு, ஒரு பட்டனை அமுக்குனா நம்ம ரேடியோ பாடுற பொட்டி ஒன்னு வாங்கி வெச்சுட்டுப் போனாரு. வெள்ளிக்கெழமலேருந்து பொட்டி பாடலை. சரியா? சரி.

லைன் கம்பெனிக்குப் போன் பண்ணீங்களா? என்னா கேட்டாங்க? செவப்பு லைட்டு எரியுதா, பச்சை லைட்டு எரியுதான்னா? அப்பறம்? கண்ணு தெரியாதுன்னு நீங்க சொன்னதுக்கு, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்கன்னானா? அய்யோ, இருங்கண்ணே, சிரிச்சுக்கிறேன். தப்பா நெனைக்காதீங்க, எனக்குப் பொறவியிலேயே தெரியாது, அதனால இதுக்கெல்லாம் சிரிக்கிற உரிமை உண்டு. என்கிட்டயும் ஒருத்தன் அப்படித்தான் கேட்டான். செவப்பு எப்படி இருக்கும் தம்பின்னு கேட்டேன், லைனை வெச்சுட்டான்.

வுடுங்க. கண்ணு தெரியாத ரெண்டு பேரு சேர்ந்து எதுக்கு லைட்டைத் தேடணும்? கையால பாப்போம், காதால பாப்போம்.

என்னா? அடுத்த ஞாயித்துக்கெழம மவன் வருவாரா? அவரு வந்து பாத்துக்கட்டுமா? அதெல்லாம் ஆவாது. இன்னைக்கே, அஞ்சு மணிக்குள்ள ஆவணும். ஏன்னா, ரேடியோவை நடத்துறது சென்னையில பிரவீன்குமாருன்னு ஒரு பையன். நல்ல பையன்தான். கேக்க ஆளு இருந்தா உங்க நிகழ்ச்சி ஓடட்டும் டீச்சர், இல்லைன்னா அஞ்சு மணிக்கு சினிமாப் பாட்டு போட்டுடுறேன்னு சொல்லிட்டான். இன்னைக்கு சாயங்காலம் பாத்துட்டு முடிவு பண்ணுவானாம். எத்தனை எடத்துல கேக்குறாங்கன்னு கம்ப்யூட்டர்ல தெரிஞ்சுடுமில்ல. அதனால ஒரு நேயரைக்கூட நான் வுட மாட்டேன். மத்த நேயருங்க அவங்கவங்க வூட்டுல ரெடியா ஒக்காந்திருப்பாங்க, நீங்க மட்டும் ஏன் வுட்டுப்போவணும்?

அது மட்டுமில்ல, தாய்மாமன் கதை என்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா? எதுவரைக்கும் கேட்டீங்க? பாலக்கரையில தென்றல் பாப்பாவுக்குக் காது குத்துன்னு பேனர் வெச்சாங்க. அதுல சித்தப்பா இருக்காரு, பெரியப்பா இருக்காரு, கூலிங்கிளாஸ் போட்டுக்கிட்டுப் போன் பேசுற சிநேகிதனுங்க ஒரு வண்டி ஆளு இருக்காங்க, சொந்தத் தாய்மாமன் தர்மராஜ் மட்டும் இல்ல. அதுவரைக்குமா? அப்ப அதுக்கப்பறம் மாமன் போட்டிக்கு ஒரு பேனர் வெச்சாரே, அது தெரியாதா? இவங்க பேனரை மறைக்கிற மாதிரி, ரெண்டு பங்கு பெருசா, தன்னோட படத்தை மட்டும் போட்டு. மாமன் மடி காத்திருக்குதுன்னு எழுதி, மடிக்கு பதிலா மாடின்னு அச்சடிச்சுட்டானுங்க. என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போற ஆட்டோ முபாஷிரு எழுத்து எழுத்தாப் படிச்சுக் காட்டுனாப்ல. நான் ஆட்டோவை வுட்டு எறங்காம ஒக்காந்து சிரிச்சேன். அதுக்கு மேல இன்னைக்குக் காலையில என்னா நடந்துச்சுன்னா... ம்ஹும். சொல்ல மாட்டேன். ரேடியோல கேளுங்க. கெஞ்சுனாலும் சொல்ல மாட்டேன், போனவாரம் எட்டாங்கிளாஸ் புள்ளைங்ககூட என்னைக் கெஞ்சித் தோத்துப் போச்சுங்க.

வேலையப் பாப்போம். ரேடியோ பொட்டி பட்டனை அமுக்குங்க. ஒரு பொம்பள இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுறா இல்ல? கவனமாக் கேளுங்க. ஸ்டேஷன் இல்லைங்குறாளா, நெட்வொர்க் இல்லைங்குறாளா? நெட்வொர்க்கா? அப்ப சந்தோஷம். ஸ்டேஷன் இல்லைன்னா குத்தம் எங்களது. நெட்வொர்க் இல்லைன்னா குத்தம் உங்க வூட்டுக்குள்ளதான் எங்கியோ ஒளிஞ்சிருக்குது. பொட்டியும் நல்லாத்தான் இருக்குது, வாய் பேசுதே.

இப்ப மோடம் எங்க இருக்குது? காலண்டருக்கு மேல, பலகையிலயா? ரெண்டு கொம்பு இருக்கும். புடிச்சீங்களா? மெதுவா, கொம்பைத் திருகாதீங்க. பின்னாடி ரெண்டு வயரு வருதா? மெல்லிசா, வழுவழுன்னு இருக்குறதைத் தொடாதீங்க. அதுக்குள்ள கண்ணாடி நரம்பு ஓடுதாம், மடக்குனா போயிடும். மஞ்சள் கலரா? இருக்கும், இருக்கும். நீங்க மஞ்சளைப் பாத்தவரு. எனக்கு மஞ்சள்னா கொழம்புல போடுறதுதான்.

இப்ப மோடம் முதுகுல கைய வைங்க. சூடா இருக்குதா? இல்லையா? கொஞ்சங்கூட இல்லையா? இருங்க. நீங்க சூளையில நின்னவரு. உங்களுக்கு சூடுன்னா கம்பி சிவக்குற சூடு. நான் கேக்குறது சும்மா வெதுவெதுப்பு, புள்ளைக்கு லேசா காய்ச்சல் அடிச்சா இருக்குமே அது. உங்க உள்ளங்கை காய்ச்சுப்போயி செருப்புத்தோலாட்டம் இருக்கும், அதை நம்ப முடியாது. கன்னத்துல வெச்சுப் பாருங்க. வெக்கப்படாதீங்க, யாரும் பாக்கல. நான் நிச்சயமாப் பாக்கல.

ஜில்லுன்னு இருக்குதா? நல்லது. அப்ப மோடத்துக்குக் கரண்ட்டே வரல. இன்னொரு வயரைப் புடிச்சுக்கிட்டே போங்க, செவுத்துல ப்ளக்கு போட்ட கட்டி ஒன்னு இருக்கும். அதையும் கன்னத்துல... முடியாது, செவுத்துல மாட்டியிருக்குதா, சரி, அப்ப நீங்க கன்னத்தை அதுகிட்டக் கொண்டு போங்க. அதுவும் ஜில்லுன்னுதானா? அதைப் புடுங்கிட்டு, உங்க செல்லு சார்ஜரை அதே ஓட்டையில சொருகி, போன்ல மாட்டுங்க. சார்ஜ் ஏறுனா போனு டிங்குன்னு சத்தம் போடும். மாட்டியாச்சா? சத்தம் வரல. எனக்கும் கேக்கல. இப்ப சமையக்கட்டுக்குப் போயி அங்க மாட்டுங்க. மெதுவா. என்னா உருண்டுச்சு? சொம்பா? கெடக்கட்டும்.

வந்துச்சு! கேட்டேன், டிங்குன்னுச்சு. பாத்தீங்களா, நம்மள வெளிச்சமில்லாதவங்கன்னு யாரு சொன்னது? குத்தம் அந்த ஒரே ஒரு ஓட்டையில இருக்குது, வேற எங்கியும் இல்ல.

எங்க போறீங்க? மெயின் பாக்ஸுக்கா? நில்லுங்கண்ணே. பீஸ் கட்டையத் தொடக் கூடாது. நீங்க சுட்டு எடுத்த கட்டையா? தமிழ்நாடு பூரா உங்க கட்டைதான் இருக்குதா? இருக்கட்டும், பெருமைதான், ஆனா கைய வைக்கக் கூடாது. காத்தாடி சுத்துறது போன்ல எனக்கே கேக்குது, சமையக்கட்டுல கரண்ட்டு இருக்குது, அப்பறம் எப்படி பீஸு போயிருக்கும்? நீங்க செஞ்சதுன்னா போவவே போவாது, நானே ஒத்துக்குறேன். ஒக்காருங்க கட்டில்ல. யோசிப்போம்.

வெள்ளிக்கெழம கடைசியா எப்பப் பாடுச்சு? உங்க தங்கச்சி வந்திருந்தப்பப் பாடுச்சா? சேத்தியாத்தோப்புலேருந்து வந்து, விரா மீன் கொழம்பு வெச்சுக் குடுத்து, சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்புனாங்க. அவங்க படி எறங்கவும் ரேடியோ நிக்கவும் சரியா இருந்துச்சா? அவங்க கண்ணு பட்டுருச்சா? அண்ணே, மோடத்துக்குத் திருஷ்டி சுத்திப்போட்ட மொத ஆளு நீங்களாத்தான் இருப்பீங்க. மெய்யாலுமே சுத்திப்போட்டீங்களா? மொளகா வெச்சா? அய்யோ. வயிறு வலிக்குது எனக்கு.

சரி, சரி. இதுக்கு பதில் சொல்லுங்க. கெளம்புறப்ப தங்கச்சி என்னா பண்ணுனாங்க? செருப்பு போட்டாங்க, தண்ணி குடிச்சாங்க, அப்பறம்? கண்ணு தெரியாத மனுசன் இருக்குற வூட்டுல பட்டப்பகல்ல எதுக்கு டியூப்லைட்டுன்னு...

அண்ணே. எழுந்திரிங்க. சுவிச்சு போர்டுகிட்டப் போங்க.

தடவிப் பாருங்க. எல்லாம் கீழ அமுங்கியிருக்குதா? ஒன்னு மட்டும் மேல பாத்துக்கிட்டு இருக்குதா? அதுதான் டியூப்லைட்டு சுவிச்சா? எனக்கு எதுக்கு லைட்டுன்னு பேசாதீங்க, அமுக்குங்க. அமுக்குங்கன்னா அமுக்குங்க.

டிக்கு, டிக்கு, டொய்ங். கேட்டுச்சா? டியூப்லைட்டு புடிச்சுக்கிச்சு. அந்தச் சோக்கு உறுமுது பாருங்க. மூணு நாளா வூடு வெறிச்சுன்னு இருந்துச்சா? தங்கச்சி போயிட்டதாலன்னு நெனச்சீங்களா? தங்கச்சி இல்லண்ணே, இந்த உறுமல் நின்னுபோச்சு. லைன் போட்ட ஆளு அந்த ஓட்டைக்கு டியூப்லைட்டுலேருந்து வயரை இழுத்திருக்கான். உங்க மவன் சுவிச்சைப் போட்டுட்டுப் போயிருக்காரு. அன்னையிலேருந்து அது அணையவே இல்ல. பகலும் ராத்திரியும் எரிஞ்சிருக்குது. தெருவே உங்களைப் பத்தி என்னா நெனச்சிருக்கும் தெரியுமா? ரிட்டையர் ஆயி விடிய விடியப் படிக்கிறாருன்னு நெனச்சிருக்கும்.

தங்கச்சியத் திட்டாதீங்க. அவங்க நல்ல எண்ணத்துலதான் அணைச்சாங்க. கண்ணு தெரிஞ்சவங்களுக்கு அதுதான் கஷ்டம், எரியுறதைப் பாத்தா அணைக்காம இருக்க முடியாது. அந்த சுவிச்சு மேல பிளாஸ்திரி ஒட்டிடுங்க. இப்ப மோடம் கட்டியத் திரும்ப அந்த ஓட்டையிலயே சொருகுங்க. சொருகுனீங்களா? பலகைக்குப் பக்கத்துலயே நில்லுங்க. மோடம் எழுந்திரிக்கக் கொஞ்ச நேரம் ஆவும், காலையில எழுந்த பள்ளிக்கூடத்துப் புள்ளையாட்டம் மொரண்டு புடிக்கும். கன்னத்தை வைங்க. ஏறுதா? லேசா? சீக்கிரம் ஏறட்டும்ண்ணே, சீக்கிரம். என்னா அவசரம்னா கேட்டீங்க? ஒன்னுமில்ல, மைக்குல ஒக்காரப் போறப்ப எப்பவும் அப்படித்தான்.

இப்ப பட்டனை அமுக்குங்க.

இந்தப் பாட்டு... இது நம்மதுண்ணே. எங்க ரேடியோதான். என் கம்ப்யூட்டர்லயும் அதேதான் ஓடுது, உங்களுக்கு ஒரு வரி பின்னாடி வருது. இருங்க, பேசாதீங்க, தெரையில இருக்குறதை வாய்விட்டுப் படிக்கிற கம்ப்யூட்டரு இது, என்னமோ சொல்லுது. ம். சொல்லிடுச்சு. சரியாத்தான் சொல்லுது. இல்லண்ணே, அழுவல. இது சிரிப்பு, எனக்கு அப்படித்தான் வரும்.

மணி அஞ்சா? ஆமா, ஆயிடுச்சு. என்னா? டீ போடணுமா? டீ இல்லாம சுவர்ச்செய்தி கேட்டுப் பழக்கமில்லையா? போடுங்க. நிதானமாப் பாலைக் காய்ச்சி, நல்லா ஆத்தி, எடுத்துக்கிட்டு வந்து ஒக்காருங்க. அவசரமே இல்ல. நிகழ்ச்சிதானே, நீங்க வந்ததும் ஆரம்பிச்சுக்கலாம்.

மத்த நேயருங்களா? காத்திருப்பாங்களா? அதை எப்படிச் சொல்றது. வெள்ளிக்கெழம வரைக்கும் அஞ்சு மணி ஆனா, கேக்குறவங்க ஒருத்தர்னு கம்ப்யூட்டரு சொல்லும். தங்கச்சி பஸ்ஸு ஏறுனதுலேருந்து சைபருன்னு சொல்லுச்சு. சைபருக்கும் படிச்சேன், மூணு நாளும். வணக்கம் சொல்லி, நன்றி சொல்லி, எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணுனேன். இப்ப மறுபடியும் ஒருத்தர்னு சொல்லுது. ஒருத்தர் இருந்தாப் போதும்னு பிரவீன்குமாரு சொல்லியிருக்கான்.

போங்கண்ணே, பால் பொங்கிடப் போவுது. போனை வெக்காதீங்க. நீங்க டம்ளரைக் கீழ வெக்கிற சத்தம் கேட்டதும் நான் வணக்கம் சொல்றேன்.